பாலையாகத் திரியும் கட்டங்கள்: மூன்று நடத்துநர்களுக்கு ஒரே கற்பனை நிலம் அமைத்த பதிவு

மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடை உருட்டி, பாத்திரமேற்று ஆடும் ரோல்பிளேயிங் ஆட்டத்தில் வழக்கமாக ஒரு கேம் மாஸ்டர் இருப்பார். கற்பனை உலகம் அவருடைய குறிப்பேட்டிலும் நினைவிலும் இருக்கும். எங்கள் குழுவில் ஆட்டம் நடத்துவோர் மூவர். ஒருவர் நடத்தும்போது மற்ற இருவரும் ஆட்டக்காரர்களாக அமர்வார்கள். ஒரு மேசையில் ஆடிய பாத்திரம் அடுத்த வாரம் இன்னொருவரின் மேசைக்குப் போக வேண்டும், அங்கே அதே ஊர்களும் அதே பகைகளும் அதே நாட்கணக்கும் இருக்க வேண்டும் என்பதே நாங்கள் மேற்கொண்ட வேலை. அதற்காக ஒரு நிலப்படமும், காலக்கணக்கும், பாத்திரத் தெரிவுகளும் அமைத்த முறையை இங்கே பதிவு செய்கிறேன்.

அடிப்படை விதிகளாக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் திறந்த விதித்தொகுப்பை எடுத்துக்கொண்டோம். 5.1 என்று எண்ணிடப்பட்ட அந்தத் தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், அதைத் தமிழாக்கலாம், மாற்றலாம், வெளியிடவும் செய்யலாம். போர்வீரர், மந்திரவாதி போன்ற பன்னிரண்டு வகுப்புகளும் நூற்றுக்கணக்கான மந்திரங்களும் அதில் இருந்தாலும், ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் உட்பிரிவு மட்டுமே உண்டு. பாத்திரத்தின் பின்னணி என்று ஒன்றே ஒன்றும், சிறப்புத் தேர்ச்சி என்று ஒன்றே ஒன்றும் தரப்பட்டுள்ளன. எனவே தனக்கென்று ஓர் உலகம் அமைப்பவர் இவற்றைத் தாமே எழுதியாக வேண்டும். அந்த வெற்றிடம் எங்களுக்கு வசதியாகவே அமைந்தது.

உலகத்துக்கு ஐந்திணையை அடியாகக் கொள்வது என்பதில் மூவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அதை எப்படிக் கொள்வது என்பதில்தான் நீண்ட விவாதம் நடந்தது. நான்காயிரம் ஆண்டு வரலாறு, அரச வம்சங்கள், தெய்வங்களின் பிறப்பு என்று ஐம்பது பக்கம் எழுதிவிட்டால் உலகம் உருவாகிவிடும் என்பது பலருடைய எண்ணம். தனியொரு நடத்துநருக்கு அது பயன்படலாம். மூவர் பகிரும் நிலத்தில் அந்தப் பக்கங்களை ஒவ்வொருவரும் வெவ்வேறு விதமாக நினைவில் வைத்திருப்பார்கள். ஆட்டத்தின் நடுவே எவரும் அவற்றைப் புரட்டப் போவதில்லை. மேசையில் ஒவ்வொரு முறையும் கைக்கு வருபவை பகடையும் படமும் நாட்காட்டியுமே. ஆகவே உலகத்தின் இயல்பு எதுவாயினும் அதை ஒரு விதியாகவோ படத்தில் ஒரு குறியாகவோ மாற்ற முடிந்தால் மட்டுமே சேர்ப்பது என்று முடிவு செய்தோம். பின்னர் எழுந்த எல்லாக் கேள்விகளையும் இந்த ஒரு முடிவை வைத்தே தீர்த்தோம்.

முதலில் காலம். தமிழ் இலக்கண மரபு ஒரு நாளை வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் என ஆறு சிறுபொழுதுகளாகப் பிரிக்கிறது. நாளுக்கு 60 நாழிகை. ஒரு பொழுதுக்கு 10 நாழிகை, அதாவது 4 மணி நேரம். ஆட்டவிதிகளின்படி வழக்கமான நடையில் ஒருவர் நாளொன்றுக்கு 8 மணி நேரம் நடந்து 24 மைல் கடப்பார். முழு ஓய்வுக்கு 8 மணி நேரம் வேண்டும். இரண்டும் பொழுதுக்கணக்கில் சரியாக அடங்குகின்றன. இரண்டு பொழுது நடை, யாமமும் வைகறையும் உறக்கம், மீதி இரண்டு பொழுதில் கூடாரம் அமைத்தல், உணவு தேடல், காவல், பேச்சு. ஒரு பொழுதில் 12 மைல், ஏறத்தாழ 19 கிலோமீட்டர் நடக்கலாம் என்பதால், படத்தின் அறுகோணக் கட்டம் ஒவ்வொன்றையும் 10 கிலோமீட்டர் அகலமாக வைத்தோம். சமநிலத்தில் ஒரு பொழுதுக்கு இரண்டு கட்டம், மலையிலும் அடர்காட்டிலும் ஒரு கட்டம். இனி எந்த நடத்துநரும் பயணத்துக்காகக் கணக்குப் போட வேண்டியதில்லை.

மூன்றாவது பொழுதும் நடக்க விரும்பும் குழுவுக்கு ஒரு சிறு மாற்றம் தேவைப்பட்டது. மூல விதி எட்டு மணிக்கு மேற்பட்ட ஒவ்வொரு மணி நேரத்துக்கும் தனித்தனி உடலுறுதிச் சோதனை கேட்கிறது; இருபதுமுகப் பகடையில் விழுந்த எண்ணோடு உடலுறுதிக்கான எண்ணைக் கூட்டி இலக்கு எண்ணை எட்ட வேண்டும். இலக்கு எண் 11, 12, 13, 14 என ஏறிக்கொண்டே போகும். உடலுறுதி +2 உள்ள ஒருவர் நான்கிலும் தப்புவதற்கான வாய்ப்பு 8 விழுக்காட்டுக்கும் குறைவு. சராசரியாக அவருடைய களைப்பு இரண்டு படி ஏறும். நாங்கள் அதை இலக்கு 14 கொண்ட ஒரே சோதனையாக்கினோம். ஆபத்து இருக்கிறது, ஆனால் துணிந்து பார்க்கக்கூடிய ஆபத்தாக இருக்கிறது.

ஆண்டுக்குக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகள், ஒவ்வொன்றும் இரண்டு மாதம். ஓர் அமர்வு எவருடைய மேசையில் நடந்தாலும் உலகத்தில் அரை மாதம் நகரும் என்று வைத்தோம். ஒரு பருவத்துக்கு நான்கு அமர்வு, ஓர் ஆண்டுக்கு இருபத்து நான்கு. ஒவ்வோர் அமர்வும் பாத்திரங்கள் ஏதேனும் ஓர் ஊருக்குத் திரும்புவதுடன் முடிய வேண்டும் என்ற நிபந்தனை சிலருக்கு முதலில் இறுக்கமாகப் பட்டது. பாத்திரங்கள் மேசை மாறி ஆட வேண்டுமானால் அவை பொது இடம் ஒன்றில் நிற்க வேண்டும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அடுத்து நிலம். இந்த முயற்சியின் உயிர்ப்பகுதி பாலை. தொல்காப்பியம் தெய்வத்தோடு சேர்த்துச் சொல்லும் நிலங்கள் காடு, மலை, வயல், கடற்கரை என நான்கே. பாலைக்கென்று ஒரு நிலத்தை அது அங்கே சொல்லவில்லை. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை, முல்லையும் குறிஞ்சியும் முறைமையின் திரிந்து, நல்லியல்பு இழந்து, நடுங்குதுயர் உறுத்து, 'பாலை என்பதோர் படிவம் கொள்ளும்' என்கிறது. பாலை ஓரிடம் அன்று, ஒரு நிலை. அது வரும், போகும். கற்பனை நிலப்படங்களில் பாலைவனம் ஒரு மூலையில் மஞ்சள் நிறத்தில் என்றும் அசையாமல் கிடப்பதே வழக்கம். எங்கள் படத்தில் பாலைக்கு நிறமே தரவில்லை. முல்லை, குறிஞ்சிக் கட்டங்களின்மேல் பென்சிலால் இடும் புள்ளிகளே பாலையைக் காட்டும். மூன்று புள்ளி விழுந்த கட்டம் பாலை.

புள்ளி விழும் முறை இது. படத்தில் 120 கட்டங்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் பகடை உருட்டுவது இயலாது. எனவே ஏழேழு கட்டங்களை ஒரு வட்டகையாகச் சேர்த்தோம். ஓரத்தில் எஞ்சியவற்றை அருகிலுள்ள வட்டகையில் இணைத்தோம். முல்லையோ குறிஞ்சியோ உள்ள ஒவ்வொரு வட்டகையிலும் நீர்வளம் மிகக் குறைந்த அத்தகைய கட்டம் ஒன்றை முன்னதாகவே குறித்து வைத்தோம். இளவேனிலில் ஒவ்வோர் அமர்வின் முடிவிலும் வட்டகைக்கு ஒரு முறை ஆறுமுகப் பகடை உருட்ட வேண்டும்; 6 விழுந்தால் அந்தக் கட்டத்துக்கு ஒரு நீலப்புள்ளி. முதுவேனிலில் 5 அல்லது 6 விழுந்தால் ஒரு புள்ளி. இரண்டு பருவங்களுக்கும் சேர்த்து எட்டு உருட்டல்களில் சராசரியாகச் சேர்வது இரண்டு புள்ளி. வெயில் மட்டுமே ஒரு கட்டத்தை மூன்று புள்ளிக்குக் கொண்டுபோகும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. மீதி மனிதர் கையில் இருக்கிறது. பாத்திரங்களோ பகைவரோ காட்டுக்குத் தீ வைத்தாலும், சுனையைக் கெடுத்தாலும், ஆநிரையைக் கவர்ந்து ஊரைப் பட்டினி போட்டாலும், கொடுத்த வாக்கை மீறி ஓர் ஊரைக் காவலின்றி விட்டாலும் அந்தக் கட்டத்துக்குச் சிவப்புப் புள்ளி விழும். கார்காலத்தில் ஒவ்வோர் அமர்வுக்கும் ஒரு நீலப்புள்ளி அழியும். சிவப்புப் புள்ளியை மழை அழிக்காது. யாரேனும் போய்ச் சுனையைத் தூர்வாரியோ, ஆநிரையை மீட்டுக் கொடுத்தோ, பகையைத் தீர்த்தோ வந்த பிறகே அதை அழிக்கலாம்.

ஒரு மேசையில் நடந்தது மற்ற மேசைக்குச் சென்று சேர்வதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தோன்றவில்லை. முந்தைய அமர்வின் கதையை எவரும் ஒப்பிக்க வேண்டியதில்லை. புதிதாக வந்து அமரும் ஆட்டக்காரர் படத்தைப் பார்க்கிறார். போன மாதம் முல்லையாக இருந்த கட்டத்தில் இரண்டு சிவப்பும் ஒரு நீலமும் இருக்கின்றன. அங்கே என்ன நடந்தது என்று அவர் கேட்கிறார். ஆட்டம் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது.

பாலைக் கட்டத்தில் நடப்பது கடினமாக இருக்க வேண்டும். அதற்குத் தண்ணீர்க்கணக்கே போதும். விதிப்படி ஒருவருக்கு நாளைக்கு ஒரு கேலன், வெப்பமான நிலத்தில் இரண்டு கேலன் தண்ணீர் வேண்டும். இதைச் சுமார் 8 லிட்டர் என்று கொண்டோம். பாதியளவே கிடைத்தால் இலக்கு 15 உள்ள உடலுறுதிச் சோதனை, தவறினால் களைப்பு ஒரு படி ஏறும். மூன்று நாள் பாலை வழிக்கு ஓர் ஆளுக்கு 24 கிலோ தண்ணீர். வலிமை 10 உள்ள பாத்திரம் சுமக்கக்கூடிய மொத்த எடை 150 பவுண்டு, ஏறத்தாழ 68 கிலோ. சுமையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தண்ணீரே எடுத்துக்கொள்ளும்போது கவசத்தை விடுவதா, கூடாரத்தை விடுவதா, கழுதை வாங்குவதா என்ற பேச்சு தானாக எழுகிறது. நண்பகலில் நடந்தால் கூடுதலாக இலக்கு 12 உள்ள சோதனை ஒன்று உண்டு. ஆகவே பாலையில் அனைவரும் மாலையிலும் யாமத்திலும் நடந்து, பகலில் நிழல் தேடி உறங்கத் தொடங்கினார்கள். அப்படிச் செய்யும்படி எந்த விதியும் சொல்லவில்லை.

பாலையில் எதிர்ப்படுவோர் யார் என்பதற்கு ஒரு வரையறை வைத்தோம். அந்தக் கட்டம் வறள்வதற்கு முன் அங்கே வாழ்ந்தவர்களே இப்போது வழிமறிக்கிறார்கள். அவர்களுக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, இழந்த மாடுகளின் கணக்கு உண்டு. நடத்துநர் முதலில் அவர்களுடைய மனநிலைக்குப் பகடை உருட்ட வேண்டும். வாளை உருவுவது அதற்குப் பிறகே. வெட்டிப்போட்டுப் பொருள் சேர்ப்பதற்காக மட்டும் ஓர் இனத்தைப் படைத்து வைப்பதில் எனக்கு ஒருபோதும் உடன்பாடு இருந்ததில்லை.

மோதல்களுக்கும் தொல்காப்பியமே அட்டவணை தந்தது. புறத்திணையியல் குறிஞ்சிக்கு வெட்சியையும், முல்லைக்கு வஞ்சியையும், மருதத்துக்கு உழிஞையையும், நெய்தலுக்குத் தும்பையையும் புறனாக வைக்கிறது. மலையில் ஆநிரை கவர்தல், காட்டில் படையெடுப்பு, வயல்சூழ்ந்த நகரில் மதில் முற்றுகை, கடற்கரையில் நேருக்கு நேர் போர். ஒவ்வொரு நிலத்திலும் எழும் சிக்கலின் தன்மை இதனால் வேறுபடுகிறது. நடத்துநர் மூவரானாலும் மருதத்துக்குப் போனால் மதிலும் பட்டினியும் காத்திருக்கும் என்பது ஆட்டக்காரர்களுக்குத் தெரியும்.

இனிப் பாத்திரத் தெரிவுகள். இங்கே நான் மிகவும் கவலைப்பட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். ஐந்திணையை ஆட்டமாக்கும் எவருக்கும் முதலில் தோன்றுவது, குறிஞ்சி மக்களுக்கு வேகம் +2, நெய்தல் மக்களுக்கு உடலுறுதி +2 என்று பிறப்பினங்களாக அமைப்பது. 5.1 தொகுப்பில் குள்ளர்களுக்கும் எல்ஃப்களுக்கும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் குறவர், பரதவர், மறவர், பாணர் என்பவை இலக்கியத்தில் மட்டும் இருக்கும் பெயர்கள் அல்ல. இன்று நம்மோடு வாழும் மக்களின் பெயர்கள். பிறப்பை வைத்து ஒருவருக்குத் திறமையை அளந்து கொடுக்கும் விதியை, விளையாட்டாகக்கூட, தமிழில் எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. மற்ற இருவரும் அவ்வாறே நினைத்தார்கள். 2024-இல் வந்த திருத்தப் பதிப்பும் திறன் உயர்வைப் பிறப்பினத்திலிருந்து பிரித்துப் பின்னணியோடு சேர்த்திருக்கிறது. நாங்கள் திணைமக்கள் பெயர்கள் எதையும் பாத்திர வகையாக வைக்கவில்லை. உப்புவழியர், யாழ்வழியர், சுனையறிவார், கல்காவலர் எனத் தொழிலைக் குறிக்கும் பெயர்களை நாங்களே ஆக்கிக்கொண்டோம். எந்த நிலத்தில் பிறந்தவரும் எதையும் தெரிவு செய்யலாம். ஒரு திணையில் ஒரு பருவம் முழுவதும், அதாவது நான்கு அமர்வு, திரிந்த பாத்திரம் அந்தத் திணையில் 'பழக்கம்' பெறும். பழக்கம் கூடும், மாறும், பிறப்போடு வருவதில்லை.

பழக்கத்தின் பயன் என்ன என்பது அடுத்த விவாதம். முதல் வரைவில் சோதனைகளுக்கு +2 என்று இருந்தது. இருபதுமுகப் பகடையில் ஒவ்வொரு +1-உம் 5 விழுக்காடு. முதல் லெவலில் தேர்ச்சிக்குக் கிடைப்பதே +2 என்பதால், பழக்கம் தேர்ச்சியை இரட்டிப்பாக்கிவிடும். அதைவிடப் பெரிய தடை ஒன்று இருந்தது. ஒரு நடத்துநர் 10 என்று வைக்கும் இலக்கை இன்னொருவர் 15 என்று வைப்பார். எண்ணாகத் தரும் எந்தச் சலுகைக்கும் மேசைக்கு மேசை மதிப்பு மாறும். ஆகவே எண்ணை நீக்கிவிட்டுக் கேள்வியைக் கொடுத்தோம். பழகிய திணையில், பொழுதுக்கு ஒரு முறை, ஆட்டக்காரர் நிலத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்கலாம். நடத்துநர் உண்மையைச் சொல்ல வேண்டும். இந்தத் தடம் எத்தனை நாள் பழையது, இந்தச் சுனையில் ஏன் பறவை இறங்கவில்லை என்பவை போன்ற கேள்விகள். விடை சொல்வதற்காகவே நடத்துநர் நிலத்தை உற்றுப் பார்க்க வேண்டியிருப்பதால், மூன்று மேசைகளிலும் வருணனை வளம்பெற்றது.

பின்னணிகளில் ஒன்றை மட்டும் விரித்துச் சொல்கிறேன். உப்புவழியருக்கு விலங்குகளைக் கையாளுதல், காட்டில் பிழைத்தல் ஆகிய இரண்டு தேர்ச்சி. வண்டி ஓட்டும் பயிற்சி. ஒரு கூடுதல் மொழி. கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு உப்பு வண்டி ஓட்டிச் சென்ற உமணர் நெல்லுக்கு நேராக உப்பை மாற்றினர் என்று அகநானூறு சொல்வதைச் சிறப்பு விதியாக்கினோம்: எந்த மருத ஊரிலும் ஒரு மூட்டை உப்புக்கு ஒரு மூட்டை நெல் அவருக்குக் கிடைக்கும், பேரம் பேசும் சோதனை தேவையில்லை. பாலைக்குள் பட்டினி கிடக்கும் ஊருக்கு அந்த நெல்லைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் ஒரு சிவப்புப் புள்ளி அழியும். வாள் ஏந்தாத பாத்திரம் ஒன்று நிலப்படத்தையே மாற்றக்கூடியதாக இருப்பது எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது.

பாடிக் கூட்டாளிகளுக்கு ஊக்கப் பகடை தரும் பார்டு வகுப்புக்கு 'ஆற்றுப்படை' என்ற உட்பிரிவை எழுதினோம். பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞர் எதிரே வரும் இன்னொரு கலைஞருக்கு வழியும், வழியில் கிடைக்கும் சோறும், வள்ளலின் இயல்பும் சொல்லி அனுப்பும் அமைப்பு பத்துப்பாட்டில் நான்கு பாட்டுகளுக்கு உண்டு. சிறுபாணாற்றுப்படை வேலூரில் புளியிட்ட சோற்றையும் ஆமான் சூட்டிறைச்சியையும், ஆமூரில் வெண்சோற்றையும் நண்டுக் கலவையையும் நிலத்துக்கு நிலம் பிரித்துச் சொல்கிறது. பகிரும் உலகத்துக்கு வேண்டியது இத்தகைய செய்திதான். மூன்றாம் லெவலில் யாழ்வழியர் ஒருவர் தாம் கண்டு திரும்பிய இடத்துக்கான வழிப்பாட்டை ஓய்வுநேரத்தில் இயற்றலாம். ஆட்டக்காரர் அதை ஐந்து வரிக்குக் குறையாமல் எழுதிப் பொதுக் குறிப்பேட்டில் ஒட்ட வேண்டும். வழி, ஆபத்து, உணவு, சந்திக்க வேண்டியவர் ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். பின்னர் வேறு மேசையில், அந்த யாழ்வழியர் இல்லாத குழுவில்கூட, எவரேனும் அந்தப் பாட்டை வாய்விட்டுப் படித்தால் அவ்வழியில் ஒரு சோதனைக்கு ஆறுமுகப் பகடை ஒன்றைக் கூட்டிக்கொள்ளலாம். பாட்டு இயற்றியவர் அந்த ஊக்கப் பகடை ஒன்றைத் தம் கையிருப்பிலிருந்து கொடுத்துவிட்டதாகக் கணக்கு. பாட்டு பயன்படும்வரை அது அவருக்குத் திரும்பாது. எனவே எவரும் பாட்டுகளைக் குவிப்பதில்லை. பயன்படும் என்று நம்பியதையே எழுதுகிறார்கள். குறிப்பேட்டில் சேர்ந்துள்ள இந்தப் பாட்டுகளைவிடச் சிறந்த உலகக் கையேட்டை நாங்கள் மூவரும் திட்டமிட்டு எழுதியிருக்க முடியாது.

பாத்திரம் இறந்தால் என்ன செய்வது என்பதற்கு நடுகல் வழிகாட்டியது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த தமிழ்ப் பிராமிக் கல் ஒன்று, ஆகோளில், அதாவது ஆநிரை கவரும் பூசலில், இறந்தவன் ஒருவனுடைய கல் என்று ஊரையும் பெயரையும் சொல்லி நிற்கிறது. ஊர், செயல், பெயர் ஆகிய மூன்றே. எங்கள் படத்திலும் அதே மூன்றைத்தான் எழுதுகிறோம். தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று சொல்லும் ஆறு நிலைகளையும் இறந்தவரின் தோழர்கள் ஆட்டத்திலேயே செய்து முடிக்க வேண்டும்: தகுந்த கல்லைத் தேடிக் காண்பது முதல் வாழ்த்துவது வரை. முடித்தால் அந்தக் கட்டத்தில் எந்த மேசையைச் சேர்ந்த குழு தங்கினாலும், இரவுக் காவலில் ஒரு முறை பகடையை இரண்டு தரம் உருட்டி உயர்ந்ததை எடுத்துக்கொள்ளலாம். சரிபாதி வாய்ப்புள்ள சோதனையில் அது 75 விழுக்காடாக உயரும் பெரிய உதவி. கல் நடாமல் விட்டுப்போன இடத்தில் அந்த உதவி இல்லை, ஒரு சிவப்புப் புள்ளி உண்டு.

விலங்குகளுக்கும் அசுரப் பிறவிகளுக்கும் நாங்கள் அதிகம் உழைக்கவில்லை. தொகுப்பிலுள்ள எண்களையே வேறு உருவத்துக்குப் பொருத்தினோம். கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கிரிஃபினின் 59 உயிர்ப்புள்ளிகளை அப்படியே வைத்துக்கொண்டு பறக்கும் ஆற்றலை எடுத்துவிட்டால் நல்ல யாளி கிடைத்துவிடுகிறது. அணங்குக்கு மட்டும் எண்கள் எழுத மறுத்தோம். மலையிலும் சுனையிலும் மரத்திலும் உறையும் அச்சத்துக்கு உயிர்ப்புள்ளி கொடுத்தால் யாரேனும் அதை வெட்டிவிடுவார்கள். அணங்குறையும் கட்டத்தில் சில செயல்கள் கூடாது, சில பொழுதுகளில் நுழையக் கூடாது; மீறினால் விளைவு என்ன என்பது ஒரு சிறு அட்டையில் எழுதி மடித்து, படத்தின் பின்புறம் ஒட்டப்பட்டிருக்கிறது. எழுதிய நடத்துநரைத் தவிர மற்ற இருவரும் அதைப் பார்த்ததில்லை. மீறல் நடக்கும் மேசையில்தான் அதைப் பிரிக்க வேண்டும்.

இப்போது கையில் இருப்பது கடற்கட்டங்களுக்கான விதி. கப்பலின் வேகத்தைக் காற்றின் திசையே முடிவு செய்ய வேண்டும் என்றும், அந்தத் திசை பருவத்தோடு மாற வேண்டும் என்றும் வைத்திருக்கிறோம். ஒரு பருவத்தில் புறப்பட்ட கப்பல் எதிர்க்காற்றில் திரும்ப முடியாமல் அடுத்த காற்றுக்காக அக்கரையில் காத்திருக்கும். அதிலுள்ள பாத்திரங்கள் குறைந்தது நான்கு அமர்வுக்கு எந்த மேசைக்கும் வர இயலாது. அதனால் கடலேற விரும்பும் ஒவ்வோர் ஆட்டக்காரரும் கரையில் இருக்கும் இன்னொரு பாத்திரத்தை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். அந்த இரண்டாம் பாத்திரம், கடலுக்குப் போனவருக்காகக் காத்திருக்கும் உறவாக இருக்க வேண்டும் என்று ஒருவர் முன்மொழிந்திருக்கிறார். இரங்கல் நெய்தலின் உரிப்பொருள் என்பதால் அதை ஏற்றுக்கொண்டோம். வரும் கூதிரில் முதல் கப்பல் புறப்படும்.